மாடிக்குப் போகிற நீல வயர்

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரே ஒரு சட்டம் இருந்தது. நீல வயரை யாரும் தொடக் கூடாது. வீட்டில் இருப்பதே நானும் அப்பாவும்தான்; அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆகவே அது நைனாவுக்காகவே போட்ட சட்டம்.

அந்த வயர் கீழே கூடத்தில் இருக்கும் ரவுட்டரில் தொடங்கும். ஜன்னல் வழியாக வெளியே போய், சுவரோடு ஏறி, மொட்டை மாடியில் உள்ள ஒற்றை அறைக்குள் நுழைந்து என் கம்ப்யூட்டரின் முதுகில் முடியும். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனி அனுப்பியது. வைஃபையில் வேலை செய்யக் கூடாது, வயரில்தான் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கண்டிஷன். அந்தப் பெட்டியில் வைஃபையே கிடையாது. போனிலிருந்து நெட் எடுத்துக் கொடுத்தாலும் ஏற்காது. மூடியின் மேல் சீல் ஒட்டியிருந்தார்கள். சீல் கிழிந்தால் வேலையும் கிழிந்தது.

மூன்று மாதம் தற்காலிகம், அப்புறம் ஒரு பரீட்சை. தேறினால் செஞ்சியில் இருந்தபடியே நிரந்தர வேலை. தேறாவிட்டால், அல்லது அந்த நேரத்துக்கு உள்ளே வர முடியாவிட்டால், வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் திரும்ப மெட்ராஸ் போய், நாலு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் என் பெட்டியை வைக்க வேண்டியதுதான். பத்து வருஷம் அப்படி இருந்தவள் நான். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போயிற்று. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

நைனா மெட்ராஸுக்கு வர மாட்டார். நெல் லோடு ஏற்றிக்கொண்டு நாற்பது வருஷம் அந்த ஊருக்குப் போய் வந்தவர். "அங்க லாரிய நிறுத்தவே எடம் இல்ல, மனுசன் எங்க நிக்கறது?" என்பார். அம்மா இறந்தபின் அவருக்குச் சர்க்கரை ஏறியது. தினமும் இரண்டு வேளை ஊசி. கை நடுங்கும். ஊசியில் உள்ள கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் போட்டுவிட்டார்கள். அப்புறம் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. அதற்காகத்தான் நான் ஊருக்கு வந்தேன். பாசத்தில் ஓடி வந்தேன் என்று சொன்னால் நைனாவே சிரிப்பார். வந்த நாள் முதல் நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது.

சண்டையில் பாதி அந்த வயரைப் பற்றி. ஈரத்துண்டைக் காயப்போடக் கொடி இல்லையென்று ஒரு நாள் அதன்மேல் போட்டார். நான் கத்தினேன். "துண்டு காஞ்சா வயரு இன்னா கொறைஞ்சா பூடும்?" என்றார். "நைனா, என் வேலை பூரா அந்த வயரு வழியாத்தான் வருது. அதுல ஒண்ணு ஆச்சுன்னா நான் மூட்டையக் கட்டணும். இனிமே அத நீ தொட்ட, நான் மனுசியா இருக்க மாட்டேன்." இந்த வசனத்தை மூன்று மாதத்தில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அவரும் அப்புறம் அதைத் தொட்டதில்லை.

பரீட்சை, விஜயதசமிக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு என்று வந்தது. 

ஆயுத பூஜை அன்று மாடி அறையைக் கழுவித் துடைத்தேன். எல்லா வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மேஜையைத் துடைத்தேன். மானிட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு, பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். கீபோர்டை மட்டும் கீழே கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். நைனா தன்னுடைய பழைய ஸ்பேனர்களையும் ஜாக்கியையும் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தார். லாரி விற்றுப் பல வருஷம் ஆகிறது. ஸ்பேனர்கள் மட்டும் வருஷா வருஷம் பூஜைக்கு வந்துவிடும். பொரியும் பூவும் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போனேன். கூட்டத்தில் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

பூஜை போட்ட சாமானை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் எடுக்க மாட்டோம். எங்கள் தெருவில் தையல் மிஷின் ஓடாது, டிங்கரிங் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்காது. நானும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. விஜயதசமி சாயங்காலம் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சுண்டலைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலை ஏழரைக்குக் கீபோர்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பெட்டி மேஜைக்கு அடியில், சுவர்ப் பக்கம் முதுகு காட்டி இருக்கும். முட்டி போட்டுக் கையால் தடவித் தடவி எல்லா வயரையும் செருகினேன். ஆன் செய்தேன். எல்லாம் வந்தது, நெட் வரவில்லை. கேபிள் செருகப்படவில்லை என்றது கம்ப்யூட்டர்.

பிடுங்கிச் செருகினேன். மறுபடி பிடுங்கி, வாயால் ஊதிச் செருகினேன். வழக்கமாக வயர் செருகும் இடத்தின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். விளக்கு செத்துக் கிடந்தது. கீழே ஓடினேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிந்தது. என் போன் அதே ரவுட்டரின் வைஃபையில் நன்றாக ஓடியது. ஆக, ஊரிலிருந்து வீட்டுக்கு நெட் வருகிறது. கூடத்திலிருந்து மாடிக்குத்தான் வரவில்லை. ரவுட்டரில் வயரை அடுத்த ஓட்டைக்கு மாற்றிச் செருகினேன். மேலே ஓடினேன். இல்லை. 

கம்பெனி உதவி எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கேபிள் சரியா செருகியிருக்கீங்களா மேடம்?"

"செருகாம தலையில வெச்சுக்கிட்டு இருக்கேனா?"

"சிஸ்டத்தை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்."

"நாலு தடவை பண்ணிட்டேன்."

"அஞ்சாவது தடவை லைன்ல இருந்தே பண்ணலாம் மேடம்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அஞ்சாவது தடவையும் பண்ணினோம். பிறகு எதை எதையோ திறக்கச் சொல்லி, அணைத்துப் போடச் சொன்னாள். கடைசியில், "வயர்ல கோளாறு இல்லேன்னா, அது செருகற போர்ட்லதான் பிரச்சினை மேடம். பெட்டியை மாத்தணும்னா மூணு வேலை நாள் ஆகும்" என்றாள். 

"எனக்கு பதினோரு மணிக்குப் பரீட்சை."

"வயரா இருக்கணும்னு வேண்டிக்கோங்க மேடம்" என்றாள். அது அவளுக்கு எழுதிக் கொடுத்த வாசகம் இல்லை என்று நினைக்கிறேன்.

கீழே வந்தேன். நைனா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, வயரத் தொட்டியா?"

"வயர நான் ஏன் தொடறேன்? தொட்டா மனுசியா இருக்க மாட்டேன்னு சொல்லிக்கிற இல்ல?"

"நெசமா?"

"ஒங்கம்மா மேல சத்தியமா வயரத் தொடல. கொரங்கு கடிச்சிருக்கும். போய் அதுங்கள கேளு."

குரங்கு என்றதும் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கோட்டை மலையில் தின்ன ஒன்றும் கிடைக்காத நாளில் கூட்டமாக இறங்கி எங்கள் தெரு மாடிகளில்தான் வந்து உட்காரும். முந்தின வருஷம் டிவி வயரைக் கடித்துத் துப்பின. நெட் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். முப்பத்தைந்து வயசு ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். செஞ்சியைச் சுற்றி எங்கே நெட் நின்றாலும் அவர்தான் ஓடுவார்.

"அக்கா, அனந்தபுரத்துல கம்பம் மேல இருக்கேன்."

"எறங்கு."

"எறங்கிட்டு?"

"இங்க வா. பதினோரு மணிக்குள்ள இந்த வயர்ல நெட் வரலன்னா நான் ஊரக் காலி பண்ணணும்."

"நீங்க போயிட்டா தெருவே அமைதியாயிடும்க்கா" என்று சிரித்துவிட்டு, "வரேன்" என்றார். 

ஒன்பதே முக்காலுக்கு வந்தார். மாடிச் சுவரோடு போன வயரை அங்குலம் அங்குலமாகக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு கடி இல்லை. "ஒங்க ஊட்டுக் கொரங்கு டீசன்ட்டுக்கா" என்றார். அப்புறம் பெட்டியிலிருந்து வயரை உருவினார். முனையில் இருந்த பிளாஸ்டிக் ஜாக்கைப் பார்த்தார்.

"இன்னாக்கா, வயருக்குக் கூடவா பொட்டு வெச்சீங்க?"

"பூஜை போட்டோம். எல்லாத்துக்கும் வெச்சோம்" என்றேன். நான் வயருக்குப் பொட்டு வைக்கவே இல்லை. அந்த நிமிஷம் அது எனக்கு உறைக்கவில்லை. மணி பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மண்டையில் வேறு ஒன்றும் ஓடவில்லை.

"அதான் ஜாக்கு போச்சு" என்று அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஜாக் போட்டார். எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசையாக நிறுத்தி உள்ளே தள்ளி அழுத்தினார். செருகினார். நெட் இல்லை. 

சோதிக்கிற கருவி ஒன்று வைத்திருந்தார். ஒரு துண்டைக் கீழே வயரின் நுனியில் மாட்டி, இன்னொரு துண்டை மேலே மாட்டினார். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. வயரில் ஒரு குறையும் இல்லை. தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அதில் வயரைச் செருகினார். உடனே நெட் வந்தது.

"அக்கா, வயரு நல்லா இருக்குது. ஒங்க பொட்டிதான் போச்சு" என்றார்.

பத்தேகால். மூன்று வேலை நாள் என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. திட்டினேன். கம்பெனியை, டாக்டர்களை, மலையை, குரங்கை, எல்லாவற்றையும் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே மேஜைக்கு அடியில் புகுந்தார். நல்ல தொப்பை. பாதி உடம்புதான் போயிற்று. 

"அக்கா, ஒங்க டார்ச்ச குடுங்க. இன்னா இது, உள்ள மஞ்சளா?"

பெட்டியை அலுங்காமல் வெளியே இழுத்துத் திருப்பினோம். வெளிச்சத்தில் பார்த்தேன். வயர் செருகும் சின்ன ஓட்டைக்குள் சந்தனம். மேலே தொட்டு வைத்தது இல்லை, உள்ளே அப்பியிருந்தது. அதன்மேல் குங்குமம். நான் செருகிச் செருகி அதை நன்றாக உள்ளே திணித்திருந்தேன். காய்ந்து கெட்டியாகி, உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளையும் மூடியிருந்தது.

"நைனா!" என்று கத்தினேன். எங்கள் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

முட்டிவலிக்காரர். மாடிப்படி பதினாறையும் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தார். ஓட்டையைக் காட்டினேன்.

"இது யாரு வெச்சது?"

"நாந்தான்."

"தொடலன்னு சத்தியம் பண்ணியே."

"வயரத் தொட்டியான்னுதான கேட்ட. வயர நான் தொடல. அது கீழ கெடந்துது. அதத் தாண்டித்தான் வந்தேன்."

"ஏன் வெச்ச?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நெட்காரரைப் பார்த்துச் சொன்னார்: "பூஜைக்கு வண்டிய கழுவுனா, மூஞ்சில வெப்போம், சக்கரத்துல வெப்போம். முக்கியமா டீசல் டேங்கு வாய்ல வெப்போம். அது வழியாத்தான வண்டிக்கு உசுரு போவுது. இவ பொட்டிக்கு நெத்தில வெச்சா, டிவி மாதிரி இருக்கறதுக்கும் வெச்சா. வயரு போற வாய்ல மட்டும் வெக்கல. அது வழியாத்தான் வேலை வருதுன்னு தெனம் கத்தறவ, அதையே மறந்துட்டா. முக்கியமானத உட்டுட்டாளேன்னு, கடைக்குப் போயிருக்கிறப்ப வந்து வெச்சேன்."

நெட்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாத்தா, டேங்குக்கு மூடி மேல வெப்பீங்க. உள்ள ஊத்த மாட்டீங்க இல்ல?" என்றார்.

"இதுக்கு மூடி இல்லியேப்பா."

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. மூன்று மாதமாக நான் கத்தியதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு வைத்திருக்கிறார். நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார். பதினாறு படி ஏறி வந்திருக்கிறார். இதெல்லாம் அப்போதே புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். அப்போது நான் சொன்னது, "ஒனக்கு அறிவு இருக்குதா?" என்பதுதான்.

"இருந்தா லாரி ஓட்டியிருப்பேனா" என்றார்.

பெட்டிக்குக் கரண்ட்டை நிறுத்தினோம். நெட்காரர் ஒரு மெல்லிய பல்குத்தும் குச்சியால் சுரண்டினார். கொஞ்சம் வந்தது. கம்பிகளுக்கு நடுவில் இருந்தது வரவில்லை. அழுத்திச் சுரண்டினால் கம்பி வளைந்துவிடும் என்றார். தண்ணீர் விடக் கூடாது. "ஸ்பிரிட் இருந்தா நல்லது. ஒடனே காஞ்சிடும்" என்றார். 

"இருக்குது" என்றார் நைனா. திரும்பிப் படியிறங்கப் போனவரைத் தள்ளிவிட்டு நான் ஓடினேன். கூடத்து அலமாரியில் ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. பக்கத்தில் பஞ்சு. பஞ்சுக்குப் பக்கத்தில், அன்றைக்குக் காலையில் போட வேண்டிய புது ஊசி, உறை பிரிக்காமல்.

எட்டு மணிக்குப் போட வேண்டியது. ஊசி போடாமல் அவர் சாப்பிட மாட்டார். 

பாட்டிலையும் பஞ்சையும் மாடிக்குக் கொண்டுபோய் நெட்காரர் கையில் கொடுத்தேன். அவர் தன் பையில் இருந்த சின்ன பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பிரஷ் மஞ்சளாகவும் சிவப்பாகவும் வெளியே வந்தது. 

"நைனா, நீ சாப்டியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க கேக்கற நெலமைல இருந்த? மேல ஓடற, கீழ ஓடற. ஊசி போடாம தின்னா அதுக்கும் நீதான் கத்துவ."

மூன்று மணி நேரமாக அவர் அந்த நாற்காலியில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைத் தாண்டித் தாண்டி ரவுட்டருக்கு ஓடியிருக்கிறேன். அலமாரியில் கிடந்த ஊசி என் கண்ணில் படவே இல்லை. இந்த ஊசிக்காகத்தான் நான் இந்த ஊரில் இருக்கிறேன். இந்த வேலையை வைத்துக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். 

"கீழ வா, போட்டு உடறேன்" என்றேன்.

"மணி பத்தே முக்கால். மொதல்ல பரீட்சையப் பாரு பாப்பா."

"பரீட்சை மயிரே போச்சு. வா."

எழுதக் கூடாத வார்த்தைதான். அதைத்தான் சொன்னேன்.

அவர் இறங்கி வருகிற வேகத்துக்கு நேரம் ஆகும் என்று நானே கீழே போய் ஊசியும் மருந்தும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். மாடிப்படியின் உச்சியில் அவரை உட்காரவைத்தேன். நெட்காரரிடமிருந்து ஸ்பிரிட் பாட்டிலைக் கேட்டு வாங்கினேன். பஞ்சை நனைத்து நைனாவின் வயிற்றில் துடைத்தேன். ஊசி உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"வெறும் ஊசிதாம்மே. மெதுவா" என்றார். கோடு பார்த்துப் போட்டேன். 

நான் ஊசியை உருவும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அக்கா! பச்ச எரியுது!"

பத்து ஐம்பத்து மூன்று. பெட்டி தூங்கி எழுவதற்கு இரண்டு நிமிஷம். பரீட்சைப் பக்கம் திறக்க இரண்டு நிமிஷம். என் முகத்தைக் காமிராவில் காட்டச் சொன்னது. மானிட்டரின் மேல் இருந்த சந்தனப் பொட்டு பாதி காமிராவை மறைத்துக்கொண்டிருந்தது. அது நான் வைத்த பொட்டு. முந்தானையால் துடைத்தேன். உள்ளே விட்டது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

இரண்டு மணி நேரம் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். 

கீழே இறங்கி வந்தபோது நெட்காரர் இன்னும் போகவில்லை. அவரும் காலையில் சாப்பிடவில்லையாம். நைனா அவருக்கு தோசை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். நடுங்குகிற கையால் ஊற்றிய தோசை. தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. கை, கால் எல்லாம் முளைத்திருந்தது அதற்கு. இரண்டு பேரும் லாரி பேசிக்கொண்டிருந்தார்கள். 

"இன்னாக்கா, நல்லா எழுதுனீங்களா?" என்றார் நெட்காரர்.

"எழுதினேன்."

"நான் கெளம்பறேன். அனந்தபுரத்துல கம்பத்துக்குக் கீழ ஏணிய உட்டுட்டு வந்தேன். இருக்குதோ இல்லியோ." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "தாத்தா, அடுத்த பூஜைக்கு எனக்கு முன்னாடியே போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைனா தட்டை என் பக்கம் தள்ளினார். "தின்னு." 

நான் அந்த தோசையைத் தின்றேன். ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் மாவு. நான் தின்று முடித்ததும் அவர் தட்டை எடுத்தார். அப்புறம், "வாய்ல வெச்சது தப்புதான்" என்றார்.

"தப்புதான்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து வேலை உறுதியாகிவிட்டது என்று கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். "நான் வெச்ச பொட்டு சும்மா பூடுமா?" என்றார். அன்றைக்கும் சண்டை போட்டோம்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் மேஜையைத் துடைத்து, எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, ஸ்பிரிட் பாட்டில் பக்கத்தில் இருந்த பஞ்சில் கொஞ்சம் கிள்ளி உருட்டி அந்த ஓட்டையை அடைத்தேன். அதன்மேல் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினேன். அப்புறம் மாடிக் கைப்பிடியில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். 

பதினாறு படியும் ஏறி வந்தார். கையில் சந்தனக் கிண்ணம் தயாராக இருந்தது. கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பார் போல.

"மூடி போட்டிருக்கேன். மேல மட்டும் வை" என்றேன்.

மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். விரல் நடுங்கியது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. 

"இவ்ளோ அடைச்சு வெச்சா சாமிக்கு எட்டுமா?" என்றார்.

"எட்டும். எந்திரி" என்றேன்.